அறிஞர் ஒருவர் கூறுவார்

பதினாறாவது தாளிலும் திருவேங்கடம்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் இல்லை, ஆனால் அவன்தான். 'இன்றைய உலகம் ஒரு சிறு கிராமமாகச் சுருங்கிவிட்ட நிலையில்' என்று தொடங்கும் இந்த முன்னுரை அவனுடைய கைடில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன், பிழை பார்க்க. இதுவரை நாற்பத்திரண்டு. உகாண்டாவுக்குத் தலைநகரத்தையே மாற்றிக் கொடுத்திருக்கிறான், அதைப் பதினாறு பேரில் ஒன்பது பேர் அப்படியே எழுதியிருக்கிறார்கள், நான் ஒன்பது பேருக்கும் மார்க் போட்டிருக்கிறேன், ஏனென்றால் கீயிலும் அப்படித்தான் இருக்கிறது, கீயைத் தயாரித்ததும் திருவேங்கடம்தான். கைடு எழுதியவன் கேள்வி எடுக்கிறான், கேள்வி எடுத்தவன் விடைக்குறிப்பு எழுதுகிறான், விடைக்குறிப்பு எழுதியவன் இந்த விடைத்தாள் திருத்தும் முகாமுக்குச் சேர்மனாக மேடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறான். அதிகாரப் பிரிவினை பற்றி இரண்டாம் ஆண்டுக்கு நான் முப்பத்தொரு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். கேள்வி இது: ஜனநாயக நாடுகள் அயல்நாட்டுச் சர்வாதிகார ஆட்சிகளுக்கு எதிராக ராணுவத் தலையீடு செய்யலாமா? விவாதிக்க. பத்து மதிப்பெண். விவாதிக்கச் சொல்லிவிட்டு விவாதத்தின் முடிவை அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்: முன்னுரைக்கு ஒன்று, எட்டுத் துணைத்தலைப்புக்கு எட்டு, முடிவுரைக்கு ஒன்று, முடிவுரையில் 'ஐக்கிய நாடுகள் சபையின் வழியே தீர்வு காண்பதே சாலச் சிறந்தது' என்ற பொருள்பட இருக்க வேண்டும். ஐந்து நாடுகளின் கையில் வீட்டோ உள்ள சபையின் வழியே. சரி. எனக்கென்ன. டிக், டிக், டிக். இந்த அரங்கத்தில் நூற்று நாற்பது பேர் டிக் போடும் சத்தம் காதுக்குக் கேட்காது, ஆனால் கேட்பதுபோல் இருக்கிறது. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்திருக்கிறேன், திருத்த உட்கார்ந்தால் எனக்குத் தரை படவேண்டும், குளிர்ச்சியாக இருக்கிறது, அது ஒன்றுதான் இங்கே நன்றாக இருக்கிறது.

பதினேழு. இன்றைய உலகம் ஒரு சிறு கிராமமாக. மேடையில் அவன் சிரிக்கிறான், யாரோ டீ கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அவனுக்கு மட்டும் பீங்கான் கோப்பை, எங்களுக்குக் காகிதக் கோப்பை. காகிதக் கோப்பையில் சூடு விரலுக்கு வந்துவிடும், நாக்குக்கு வராது. நாங்கள் இருவரும் திருச்சியில் ஒரே விடுதியில், ஒரே அறையில் இரண்டு வருஷம், எம்.ஏ. அரசியல் அறிவியல், அவன் சன்னல் ஓரக் கட்டில், நான் கதவோரக் கட்டில், இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போது அவன் வெள்ளிக்கிழமை தவறாமல் தொலைக்காட்சியில் வருகிறான். எந்த நாட்டில் எந்தத் தளபதி எந்த அதிபரை வீட்டுக்காவலில் வைத்தாலும் அன்று இரவு எட்டு மணிக்குத் திருவேங்கடம் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். போன மாதம் வலுவான ஜனநாயகங்கள் வேடிக்கை பார்க்கலாமா என்று உறுமினான், அதற்கு முந்தின மாதம் பிறநாட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்க இவர்கள் யார் என்று உறுமினான், இரண்டுக்கும் ஒரே கை அசைவு. சுலோசனா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துவிட்டு, "இவரு உங்ககூடப் படிச்சவர்தானே? என்ன நிதானமா பேசுறாரு" என்றாள். முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவள் நிதானம் என்ற சொல்லை என் வீட்டுக் கூடத்தில் முதல் தடவையாகப் பயன்படுத்தியது அவனுக்காக. நான் அன்று அந்த நிகழ்ச்சியின் இணையப் பதிவுக்குக் கீழே 'உண்மை விரும்பி' என்ற பெயரில், அவர் சொன்ன ஆண்டு தவறு என்று எழுதினேன். மூன்று பேர் விரும்பியிருந்தார்கள். அதில் ஒருவன் நான். ஆனால் நான் அவன் நிகழ்ச்சியைப் பார்ப்பது பிழைக்காக மட்டும் அல்ல, இதை யாரிடமும் சொன்னதில்லை. எண்பத்தேழில் ஒரு நாள், நம் படை கடல் கடந்து இலங்கைக்குப் போன செய்தி வந்த வாரம், மெஸ்ஸில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்: உதவிக்கு வர்றவன்கிட்ட ஏன் வர்றேன்னு கேட்காதே, எப்போ போவேன்னு கேளு. மேசையே அமைதியாகிவிட்டது. ஒருவன் தட்டில் தாளம் போட்டான். அது சர்வாதிகார நாடும் அல்ல, கேட்டுத்தான் போனார்கள், ஆகவே உதாரணமாக முழுக்கச் செல்லாது, அதெல்லாம் எனக்கும் தெரியும், ஆனால் வாக்கியம் செல்லும். போனவர்கள் தொண்ணூறில்தான் திரும்பினார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் அது. திருவேங்கடம் எதிரில் உட்கார்ந்து உப்புமாவைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் அதை எங்கே தன்னுடையதாக எடுத்து விடப்போகிறான் என்று காத்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை விட்டால் போதும், அதற்குப் பிறகு என் கோபம் நியாயமான கோபம் ஆகிவிடும், இப்போது அதற்குப் பெயர் வேறு.

பதினெட்டு முடிந்தது. பத்தொன்பது. டம்மி நம்பர் 40718. இது முன்னுரை இல்லாத தாள். முன்னுரை இல்லை, இரட்டைக் கோடு இல்லை, துணைத்தலைப்பு இல்லை, நீல மை மட்டும், பெண்பிள்ளை என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஆதாரம் கிடையாது. கடைசிப் பத்து மார்க் கேள்வியை முதல் பக்கத்திலேயே ஆரம்பித்து ஆறு பக்கம் எழுதிவிட்டு, மிச்சத்தை ஓடி ஓடி எழுதியிருக்கிறாள். நான் கேள்வி வரிசைப்படிதான் திருத்துவேன், ஆகவே அதைக் கடைசிக்கு வைத்தேன். இரண்டு மார்க் கேள்விகளில் பதினொன்று. ஐந்து மார்க்கில் எட்டு. பத்து மார்க் மற்ற இரண்டிலும் சேர்த்து ஐந்து. இருபத்துநான்கு. பாஸுக்கு முப்பது. இன்னும் ஆறு வேண்டும், ஆறு பக்கம் இருக்கிறது, படிப்போம். 'என் அப்பாவின் குடும்பம் ரங்கூனிலிருந்து வந்தது. அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் கடையை எடுத்துக்கொண்டார்கள். இந்தியா கப்பல் அனுப்பியது. படை அனுப்பவில்லை. படை அனுப்பியிருக்க வேண்டும் என்று பெரியப்பா சொல்வார். அனுப்பியிருந்தால் முதல் குண்டு நம் தெருவில்தான் விழுந்திருக்கும் என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தச் சண்டை நடக்கும். இருவரும் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. இங்கே வந்தபிறகு பிறந்தவர்கள்.' நான் டிக் போட எடுத்த பேனாவை அப்படியே வைத்திருக்கிறேன், மை ஒரு புள்ளியாக ஊறுகிறது. கீயில் ரங்கூன் இல்லை. பெரியப்பா இல்லை. அடுத்த பக்கம்: 'தூரத்தில் இருப்பவருக்குத் தலையிடலாமா என்பது கேள்வி. உள்ளே இருப்பவருக்கு எப்போது வருவார்கள் என்பது கேள்வி. வந்த மறுநாளே எப்போது போவார்கள் என்பது கேள்வி.' கடைசி வரியை மறுபடி படித்தேன். 'எழுபத்தொன்றில் நம் படை டாக்காவுக்குப் போனது. மூன்று மாதத்தில் திரும்பிவிட்டது. திரும்பியதால்தான் அதைப் பற்றி இன்றும் நல்லவிதமாகப் பேசுகிறோம்.' பிறகு அது வந்தது. 'அறிஞர் ஒருவர் கூறுவார்: காப்பாற்ற வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறானா என்று பார். கழற்றினால் மரியாதை தெரிந்தவன், ஆனால் தங்கப்போகிறவன். செருப்போடு உள்ளே ஓடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே ஓட்டத்தில் வெளியே வருகிறவன்தான் காப்பாற்ற வந்தவன்.' முடிவுரை ஒரே வரி. 'ஆகவே போகலாம், செருப்போடு.' ஐக்கிய நாடுகள் சபை எங்குமே இல்லை.

அறிஞர் ஒருவர். எனக்குத் தெரியும் அந்த அறிஞரை. பீங்கான் கோப்பையில் டீ குடிக்கும் அறிஞர். முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்தே விட்டது, ஆனால் தொலைக்காட்சியில் அல்ல, அங்கே சொன்னால் நான் பார்த்துவிடுவேன் என்று தெரிந்து வகுப்பில் சொல்லியிருக்கிறான், என் வாக்கியத்துக்குச் செருப்பு மாட்டிவிட்டு. எப்போ போவேன்னு கேளு, அதேதான், அதே எலும்புதான், மேலே சதை மட்டும் புதுசு. இவள் அவனுடைய மாணவி. அதுதான் தாங்கவில்லை. என் வாக்கியத்தை எடுத்துக்கொண்டது போகட்டும், அதை முளைக்கவைக்க இப்படி ஒரு மண்ணும் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு இத்தனை வருஷத்தில் வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள், கல்யாணப் பத்திரிகை வைப்பார்கள், ஒருவன் மளிகைக் கடையில் எடைக்கு மேல் ஒரு பிடி போடுவான், ஆனால் ஒருவரும், ஒரே ஒருவரும், விடைத்தாளில் தன் பெரியப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியதில்லை. அப்படி நிறுத்தலாம் என்று நான் சொல்லிக்கொடுத்தேனா? தெரியாது. எந்தக் கல்லூரித் தாள் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் டம்மி நம்பர், ஆனால் ரிசல்ட் வந்தபின் பழகிய ஆளைப் பிடித்தால் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே உள்ளங்கையில் சிவப்பு மையில் 40718 என்று எழுதிக்கொண்டேன், காப்பி அடிக்கும் பையனைப்போல. பிறகு கீயை எடுத்து வைத்துக்கொண்டு நேர்மையாக, மிக நேர்மையாக, ஒவ்வொரு துணைத்தலைப்பாகத் தேடினேன். இறையாண்மை என்ற சொல் இல்லை. மனித உரிமைப் பிரகடனம் இல்லை. வரலாற்று எடுத்துக்காட்டு, இருக்கிறது, ஒன்று. முடிவுரை, இருக்கிறது, ஆனால் தவறான முடிவுரை, ஒரு முயற்சிக்காக ஒன்று. ஆக இரண்டு. நான் எதுவும் செய்யவில்லை. கீ செய்தது. பிறர் எல்லைக்குள் நான் நுழைவதில்லை, அதுதான் என் கொள்கை, தொண்ணூற்று நான்கில் கல்லூரி ஆண்டுமலரில் 'தலையிடாமை: ஒரு மறுவாசிப்பு' என்று எழுதியே இருக்கிறேன், யாரும் முதல் வாசிப்பே செய்யவில்லை. ஆறு பக்கத்தின் ஓரத்தில் வட்டம் போட்டு 2. முகப்பில் 26. அந்த ஆறு எனக்கு அழகாக வரும், இன்றும் அழகாக வந்தது. கை வியர்க்கிறது. அவள் இந்தத் தாளைத் திரும்ப நவம்பரில் எழுதுவாள், அப்போது முன்னுரையோடு எழுதுவாள். இன்றைய உலகம் ஒரு சிறு கிராமமாகச் சுருங்கிவிட்ட நிலையில் என்று எழுதுவாள். பெரியப்பாவை விட்டுவிடுவாள். பாஸாகிவிடுவாள்.

தோளில் கை விழுந்தது. சந்தன அத்தர். "என்னய்யா நாகலிங்கம், பத்தொம்பதுலயே நிக்கிற? பக்கத்து மேசை இருபத்தஞ்சு முடிச்சாச்சு." திருவேங்கடம்தான், சேர்மன் சுற்றி வருகிறார், சுற்றி வரும்போது ஒரு தாளை எடுத்துப் பார்ப்பது வழக்கம், என் கையிலிருந்ததையே எடுத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது அவன் தன் வாக்கியத்தைப் பார்க்கப் போகிறான், என் வாக்கியத்தை, கண்ணில் ஒரு சின்ன அசைவு வரும், அது போதும் எனக்கு. "அறிஞர் ஒருவர் கூறுவார்," என்று சத்தமாகவே படித்தான், "செருப்பு... எந்த அறிஞர்யா இது, செருப்புக்கடை அறிஞரா?" வயிறு குலுங்கச் சிரித்தான். "சொந்தச் சரக்கு! அறிஞர்னு போட்டா மார்க் விழும்னு விட்டிருக்கு. நாமளும் விட்டதுதானே. நீ ஒரு ஜெர்மன்காரனையே பெத்து வளர்த்தியே, என்ன பேரு, ஹாஃப்நரா? வில்ஹெல்ம் ஹாஃப்நர். அவன் பேரைச் சொல்லி எனக்கும் ஒரு மார்க் வாங்கிக் குடுத்தியே." ஹாஃப்நரை நான் மறந்தே போயிருந்தேன். இவன் ஞாபகம் வைத்திருக்கிறான். "உன் கிளாஸ் பொண்ணோன்னு நெனச்சேன்," என்றேன். "என் கிளாஸா? என் பிள்ளைங்க கைடை விட்டு ஒரு கமா தள்ளி வைக்காது. அப்படித்தான் வளர்த்திருக்கேன்." இருந்தும் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம்: "எண்பத்தேழுல மெஸ்ஸுல நான் ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? உதவிக்கு வர்றவன்கிட்ட..." அவன் உண்மையாகவே யோசித்தான், புருவத்தைச் சுருக்கி, என்மேல் மரியாதையோடு. "மெஸ்ஸுல அந்த உப்புமாவைத் தவிர எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைய்யா. கட்டி கட்டியா, தேங்காய் கூடப் போடாம... ரெண்டு போட்டிருக்கியா? கரெக்ட். கீல செருப்பு இல்லையே." தாளை மேசைமேல் தட்டி வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் என்னிடம் கரெக்ட் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆக, திருட்டே நடக்கவில்லை. அவன் திருடவில்லை என்பது மட்டுமல்ல, திருட அங்கே ஒன்று கிடந்தது என்பதே அவனுக்குத் தெரியாது. தட்டில் தாளம் போட்டது யார்? ஒருவேளை யாரும் போடவில்லை. இத்தனை வெள்ளிக்கிழமையும் நான் ஒரு காலி வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறேன். மறுபடி அந்தப் பக்கத்தை எடுத்தேன். இப்போது பார்க்கும்போது அது என் வாக்கியமும் அல்ல. நான் கேள்வியோடு நிறுத்தியவன், எப்போ போவேன்னு கேளு, அவ்வளவுதான், கேட்டால் எவன் உண்மை சொல்வான்? இவள் கேட்கவே சொல்லவில்லை. காலைப் பார் என்கிறாள். பத்தொன்பது வயசு இருக்கும், இந்தத் தாளில் இருபத்தாறு மார்க், என்னைவிட ஒரு படி மேலே நின்றுகொண்டு அதை எங்கேயோ படித்ததாக வேறு பொய் சொல்கிறாள், தன் வாயிலிருந்து வந்ததை யாரும் நம்பமாட்டார்கள் என்று ஓர் அறிஞரின் வாயில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாள். மார்புக்குள் எரிந்தது. இது வேறு எரிச்சல், திருவேங்கடத்துக்காக எரிந்ததெல்லாம் இதற்குமுன் வெறும் புகை. இந்த வாக்கியம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளுக்கு வந்திருக்கிறது. பேனாவை எடுத்து 2ஐ அடித்தேன். 8 என்று எழுதினேன். ஏன் என்று என்னைக் கேட்டால் நீதி என்று சொல்லத் தயார், ஆனால் அவன் கரெக்ட் என்று சொன்னதால்தான் அடித்தேனோ, கீயை ஒரு தடவையாவது உடைத்துப் பார்க்கத்தான் அடித்தேனோ, எந்தப் படைதான் சுத்தமான காரணத்தோடு எல்லை தாண்டியிருக்கிறது. இருபத்துநான்கும் எட்டும் முப்பத்திரண்டு, பாஸ், முகப்பிலும் மாற்றினேன். முப்பத்தொரு வருஷத்தில் என் முதல் அடித்தல். அடித்தால் எங்கள் மேசையின் தலைமைத் தேர்வாளர் கையெழுத்துப் போட வேண்டும், அது ரெஜினா மேடம், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். "சார், இது இப்பத்தானே சேர்மன் பார்த்துட்டுப் போனாரு?" என்றார் தாழ்ந்த குரலில். "ஆமா மேடம்." "ரெண்டு எட்டாச்சுன்னா என்னைத்தான் சார் கூப்பிட்டுக் கேப்பாங்க. அடுத்த முகாமுக்கு உங்களையும் கூப்பிடமாட்டாங்க, என்னையும் கூப்பிடமாட்டாங்க." "தெரியும் மேடம். படிச்சுட்டு முடிவு பண்ணுங்க." அவர் படித்தார். ஆறு பக்கமும் படித்தார், நடுவில் ஒருமுறை பெரியப்பா பக்கத்துக்குத் திரும்பிப் போனார், டீயில் ஆடை கட்டியது. மேடையில் திருவேங்கடம் யாருக்கோ கை அசைத்தான், நிகழ்ச்சியில் அசைப்பானே, அதேபோல. "இந்தச் செருப்பு விஷயம் யார் சொன்னது சார்? நீங்க நிறைய படிக்கிறவராச்சே." கேட்டுவிட்டார். வாய் திறந்துவிட்டது. நான்தான் மேடம், எண்பத்தேழுல, ஒரு மெஸ்ஸுல. யார் மறுக்கப் போகிறார்கள்? எனக்கு அறிஞர்களைப் பெற்று வளர்க்கத் தெரியும், இந்தத் தடவை எனக்கு நானே பிறந்தால் என்ன? "அறிஞரெல்லாம் இல்லை மேடம்," என்றேன். "அந்தப் பொண்ணுதான்." ரெஜினா மேடம் பேனா மூடியைக் கழற்றி, அடித்தலுக்குப் பக்கத்தில் ஓர் 'ஆர்' போட்டு, அதன்கீழ் ஒரு கோடு இழுத்தார். மிச்ச ஆறு தாளையும் திருத்தி முடித்தேன், இன்றைய உலகம், இன்றைய உலகம், ஆறிலும் கிராமம். ஒரு மணிக்குச் சணல் கட்டி பண்டலை எடுத்துக்கொண்டு போனார்கள், பத்தொன்பதாவது தாள் நடுவில் எங்கோ இருந்தது, பிரித்துப் பார்க்க முடியாது. சாப்பிடப் போகலாம் என்று காலால் துழாவினேன். இடது செருப்பு அகப்பட்டது. வலது அகப்படவில்லை. "என்ன சார் தேடுறீங்க?" என்றார் ரெஜினா மேடம். "செருப்பு மேடம்." அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "கழட்டிட்டீங்களா?" "வந்ததுமே." மேசைக்கு அடியில் குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு வரிசைக்குப் போகாமல் நேராகக் குழாயடிக்குப் போனேன். உள்ளங்கையில் 40718 வியர்வையில் கலங்கி, இன்னும் படிக்கும்படியாக இருந்தது. தேய்த்தேன். சிவப்பு மை சுலபத்தில் போவதில்லை. நின்று, போகிறவரை தேய்த்தேன்.